கண்ணியும் கவிதையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையின் வரலாற்றையோ கவிஞர்தம் பெருமையையோ எடுத்துரைப்பது வழக்கம். இவ்வுரை கம்பளி பின்னுவதையும் நூல் நூற்பதையும் பற்றியது. அதற்குக் காரணம் உண்டு. இவ்வவையில் வீற்றிருக்கும் கவிஞர்களுள் கவிதையால் உண்டு வாழ்பவர் எவருமிலர். பள்ளியிலும் வங்கியிலும் அஞ்சலகத்திலும் கடையிலும் பகலைக் கொடுத்துவிட்டு, எஞ்சிய பொழுதில் எழுதுபவர்களே அனைவரும். வீட்டுப் பணிகள் முடிந்தபின் இரண்டு ஊசிகளையும் ஒரு நூலுருண்டையையும் எடுத்துக்கொண்டு அமரும் பெண்ணும் அவ்வாறு எஞ்சிய பொழுதில் இயங்குபவளே. இருவர் செய்வதற்கும் உலகம் இட்டுள்ள பெயர் ஒன்றே: பொழுதுபோக்கு.

பெயர் பொருந்துமா?

பொழுதைப் போக்குவது பொழுதுபோக்கு. பொழுதோ, எவரும் போக்காமலே போய்க்கொண்டிருப்பது. மருத்துவரின் காத்திருப்பு அறையில் இருபது பேர் அமர்ந்திருக்கின்றனர். பலர் கையில் கைப்பேசி. ஒருவர் கையில் பின்னல் ஊசி. அரைமணி நேரம் எல்லார்க்கும் ஒன்றாகவே கழிகிறது. ஆயினும் பின்னியவர் எழும்போது அவ்வரைமணி நேரம் இரண்டு விரற்கடை அகலமுள்ள துணியாக அவர் மடியில் கிடக்கிறது. போன பொழுதைத் தொட்டுப் பார்க்கலாம், எண்ணியும் பார்க்கலாம். ஆகவே அவர் செய்தது பொழுதைப் போக்கியதன்று. போகும் பொழுதைப் பிடித்து நிறுத்தியது. கவிதையும் அதனையே செய்ய முயல்கிறது என்பதைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சொற்கள் தரும் சான்று

இவ்விரு தொழில்களின் உறவைத் தமிழ்மொழி தொன்றுதொட்டே அறிந்து வைத்திருக்கிறது. 'நூல்' என்பது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். 'பனுவல்' என்பது பஞ்சுக்கும் நூலிழைக்கும் செய்யுளுக்கும் பொதுப்பெயர். 'பா' எனின் தறியில் நீளவாட்டில் கட்டப்பெறும் இழைத்தொகுதி. 'பா' எனின் வெண்பாவும் ஆசிரியப்பாவும். யாப்பு என்பது கட்டு. தொடை என்பது தொடுக்கப்பட்டது. பின்னுவோர் ஊசியில் எடுக்கும் ஒவ்வொரு வளையத்திற்கும் 'கண்ணி' என்று பெயர். தாயுமானவர் பராபரத்தை நோக்கிப் பாடிய ஈரடிப் பாக்களுக்கும் பெயர் கண்ணியே.

சொல்லளவில் நின்றுவிடாமல் இவ்வுறவை முழுவதுமாக விரித்துக் காட்டியவர் நன்னூலார். நூல் என்னும் பெயர்க் காரணத்தைப் பாயிரத்தில் விளக்கும் பவணந்தியார், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனின் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்கிறார். கதிர் என்பது நூற்குங் கருவியின் சுழலும் முள். இவ்வுருவகத்தில் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. நூல் நூற்கும் இடத்தில் புலவனை நிறுத்த வேண்டிய பவணந்தியார், அவனைப் பெண்ணாகவே உருவகித்து நிறுத்துகிறார். இலக்கணம் வகுக்கும் ஆசிரியர் எழுதும் தொழிலுக்கு உவமை தேடியபோது, அவர் கண்முன் வந்து நின்றவள் வீட்டில் அமர்ந்து நூற்ற பெண். புலவன் அவளிடம் கடன்பட்டவன் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

பருத்திப் பெண்டிர்

அப்பெண் சங்கப் பாக்களில் 'பருத்திப் பெண்டு' என வருகிறாள். புறநானூற்றின் 125-ஆம் பாடலில் அவள் வைத்திருக்கும் வெண்பஞ்சு, கொழுப்பு மின்னும் ஊன்துண்டுக்கு உவமையாகிறது. நற்றிணையின் 353-ஆம் பாடலில் கபிலர், ஆடவர் துணையில்லாத பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூலை, மலைமேல் தவழும் மேகத்துக்கு ஒப்பிடுகிறார். இவற்றினும் உள்ளத்தைத் தொடுவது புறநானூற்றின் 326-ஆம் பாடல். வேலியோரம் காட்டுப்பூனை நடமாடும் இரவு. பேடை அஞ்சிக் கதறுகிறது. அந்நேரத்தில் பஞ்சிலுள்ள தூசையும் செத்தையையும் புடைத்து நீக்க எழுந்த பருத்திப் பெண்டு ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் அது தன் சேவலைக் கண்டு அமைதியடைகிறது.

இம்மூன்று பாடல்களிலும் அவள் தலைவியல்லள். பிறிதொன்றை விளக்க வந்தவள். வந்த வேலை முடிந்ததும் பாட்டைவிட்டு நீங்குகிறாள். அவள் பெயர் தெரியாது. அவள் நூற்ற நூல் எவர் உடையாயிற்று என்பதும் தெரியாது. ஆனால் அவள் எப்போது நூற்றாள் என்பது தெரியும்: ஊர் உறங்கிய பின். அவளுடைய நேரம் அதுவே. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வது நலம்.

மூவகை நூற்பு

பருத்திப் பெண்டு நூற்றது பிழைப்புக்காக. கைநூற்பு உலகெங்கும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. ஒரு தறிக்கு வேண்டிய நூலைக் கொடுக்கப் பலர் நூற்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் ஆர்க்ரைட் 1769-இல் நீர்விசையால் இயங்கும் நூற்பு எந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1779-இல் கிராம்ப்டன் மற்றோர் எந்திரத்தை அமைத்தார். அதன்பின் இராட்டையின் பிழைப்பு படிப்படியாக ஆலைக்குப் போயிற்று. பின்னலின் கதை இன்னும் முந்தியது. வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர் 1589-ஆம் ஆண்டிலேயே காலுறை பின்னும் பொறியை அமைத்துவிட்டார். கோவையின் நூற்பாலைகளும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் இவ்வழியில் வந்தவையே.

இரண்டாவது வகை நோன்புக்காக நூற்பது. காந்தியடிகள் நாள்தோறும் நூற்றார். பிறரையும் நூற்கச் சொன்னார். 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. 1937-இல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வித் திட்டத்தின் வழியே தக்ளி பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. தமிழகத்தில் ஒரு தலைமுறையினர் சிறு பித்தளை வட்டின் மேல் தக்ளியைச் சுழற்றி நூற்ற நினைவை முதுமை வரை சுமந்தனர்.

பிழைப்பும் இல்லை, நோன்பும் இல்லை என்ற நிலையில், விருப்பம் ஒன்றுக்காகவே நூற்பதும் பின்னுவதும் மூன்றாவது வகை. ஆலைத்துணி மலிவாகக் கிடைக்கும்போது பல மாலைகளைச் செலவிட்டு ஒரு சட்டையைக் கையால் பின்னுவது பொருளியல் கணக்குக்கு அடங்காத செயல். அச்செயலைச் செய்வோர் உலகெங்கும் உள்ளனர். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்று முடக்கத்தில் புதியவர் பலர் இக்கலைகளைக் கற்கத் தொடங்கினர். எந்திரம் தேவையை எடுத்துக்கொண்டது, விருப்பம் மிஞ்சியது. கவிதையின் நிலையும் அதுதானே? புரவலர் பரிசிலும் போயிற்று; அரசவையும் போயிற்று; விருப்பம் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

நூற்பவரின் மாலைப்பொழுது

விருப்பத்தின் பொருட்டு நூற்பவரின் நாளைச் சற்று அருகிருந்து காண வேண்டும். குளிர்நாடுகளில் அவர் கையாள்வது பெரும்பாலும் ஆட்டின் உரோமம். கத்தரித்த உரோமம் ஓர் அழுக்குப் போர்வைபோல முழுதாக வரும். தோள்பகுதி உரோமம் மென்மையானது. தொடைப்பகுதி உரோமம் முரடானது. முதலில் தரம் பிரிக்க வேண்டும். பின்னர் வெந்நீரில் இட்டு, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். கசக்கினாலோ, குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் மாற்றி மாற்றி இட்டாலோ இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கெட்டிக் கம்பளமாகிவிடும். உலர்ந்தபின், கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கு இடையே வைத்துப் பன்னிச் சிறு சிறு சுருள்களாக்குவர். பருத்திக்குப் பஞ்சு கொட்டித் திரி உருட்டுவது போன்றது இது.

அதன்பிறகே நூற்பு. ஒரு கை உரோமத்தை இழுத்து மெலிதாக்க, சுழலும் கதிரிலிருந்து முறுக்கு ஏறிக்கொண்டே வரும். முறுக்குக் குறைந்தால் இழை பிரிந்து அறும். மிகுந்தால் தன்மேல் தானே சுருண்டுகொள்ளும். சரியான அளவைக் கண் சொல்வதில்லை, விரல் சொல்கிறது. பருத்தி குட்டையான இழை. ஆதலின் அதற்கு முறுக்கு மிகுதியாக வேண்டும். ஓரிழையாக நூற்ற நூல் ஒருபுறமாகவே திருகிக்கொள்ள முயலும். ஆகையால் இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவர். அப்போது இரு திருகலும் ஒன்றையொன்று தணித்து, நூல் அமைதியாகத் தொங்கும். பின் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, உலர்த்துவர். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது நூல் மட்டுமே. ஆடை இன்னும் தொடங்கவில்லை.

இக்கலையை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர்களுள் எத்தல் மேரெட் (1872–1952) குறிப்பிடத்தக்கவர். தமிழர் வரலாற்றோடு அவருக்கு நேரான தொடர்பு உண்டு. அவர் ஈழத்துத் தமிழராகிய சர் முத்துக்குமாரசுவாமியின் மகனும் கலை மேதையுமான ஆனந்த குமாரசுவாமியை 1902-இல் மணந்து இலங்கைக்கு வந்தார். அங்குச் சிற்றூர்களில் நிகழ்ந்த கைத்தொழில்களைக் கணவரோடு சேர்ந்து ஆய்ந்தார். 1908-இல் வெளிவந்த குமாரசுவாமியின் சிங்களக் கலை நூலுக்கு வேண்டிய ஒளிப்படங்களை எடுத்தார். அத்திருமணம் நிலைக்கவில்லை. ஆயினும் இலங்கையில் கண்டதை அவர் கைவிடவில்லை. இங்கிலாந்து திரும்பியபின் தாமே நூற்கவும் சாயமிடவும் நெய்யவும் கற்றார். 1916-இல் செடிகொடிகளிலிருந்து சாயம் எடுப்பது பற்றி நூலொன்று எழுதினார். பின்னாளில் டிச்லிங் என்னும் ஊரில் அவர் அமைத்த பட்டறைக்குப் பல இளைஞர்கள் கற்க வந்தனர். இசை பயின்ற ஒரு பெண், ஓர் இலங்கைச் சிற்றூரின் தறியைக் கூர்ந்து நோக்கியதால் தம் கையின் வழியைக் கண்டார் என்பது நினைக்கத்தக்கது.

எலிசபெத் சிம்மர்மன்

நூற்பவர்க்கு மேரெட் போலப் பின்னுபவர்க்கு எலிசபெத் சிம்மர்மன். 1910-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுமியாயிருந்தபோதே பின்னக் கற்றவர். லோசானிலும் மியூனிக்கிலும் ஓவியம் பயின்றார். ஜெர்மானியர் ஒருவரை மணந்தார். ஹிட்லர் ஆட்சிக் காலத்தில் ஐரோப்பாவைவிட்டு நீங்கி, 1937-இல் இருவரும் அமெரிக்கா சென்றனர். மூன்று மக்களைப் பெற்று வளர்த்து, பின்னர் விஸ்கான்சின் மாநிலத்தில் பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றையே வீடாக மாற்றி வாழ்ந்தார். கணவர் ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையிலும் பின்னிக்கொண்டே செல்வார் என்பர். 1999 நவம்பரில் மறைந்தார்.

ஒரே நூலை வளைத்து, வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டே போவதுதான் பின்னல். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலுள்ள கண்ணியால் நிலைக்கிறது. இவ்வெளிய செயலைப் பின்னல் இதழ்கள் கடினமான கட்டளைப் பட்டியல்களாக்கி வைத்திருந்தன. முதல் வரிசையில் இத்தனை, இரண்டாம் வரிசையில் இத்தனை என்று கண்ணி கண்ணியாகச் சொல்லப்பட்டதைப் பின்னுபவர் கேள்வியின்றிச் செய்ய வேண்டும். சிம்மர்மன் இதனை ஏற்கவில்லை. கட்டளைக்கு மாறாக அவர் இலக்கணத்தைக் கொடுத்தார். ஓர் அங்குலத்தில் உங்கள் கைக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று முதலில் எண்ணுங்கள்; அதனை மார்பின் சுற்றளவால் பெருக்குங்கள். அங்குலத்துக்கு 5 கண்ணி, சுற்றளவு 40 அங்குலம் எனின், மொத்தம் 200. மணிக்கட்டுக்கு அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது 40. கழுத்துக்கு ஐந்திலிரு பங்கு, அதாவது 80. எஞ்சிய உறுப்புகளும் இவ்வாறே. இம்முறையில் எந்த நூலைக் கொண்டும் எந்த உடம்புக்கும் ஆடை அமைக்கலாம். சீரும் தளையும் அறிந்தவர்க்கு இது புதிதன்று. பிறர் பாட்டைப் பார்த்துப் படியெடுப்பதற்கும் யாப்பறிந்து தாமே பாடுவதற்கும் உள்ள வேறுபாடே இது.

அவர் அமைத்த வட்டச் சால்வையும் அவ்வாறானதே. ஆரம் இரட்டிக்கும்போது சுற்றளவும் இரட்டிக்கும் என்பது பள்ளிக் கணக்கு. அதனையே அவர் பின்னலாக்கினார். நடுவில் 9 கண்ணிகள். அவை 18 ஆகும். மூன்று சுற்றுக்குப்பின் 36; ஆறு சுற்றுக்குப்பின் 72; பன்னிரண்டு சுற்றுக்குப்பின் 144; இருபத்து நான்குக்குப்பின் 288; நாற்பத்தெட்டுக்குப்பின் 576. இடைப்பட்ட சுற்றுகளில் எந்த வேலைப்பாட்டையும் செய்துகொள்ளலாம். கட்டு உறுதியாக இருப்பதால் உள்ளே உரிமை மிகுகிறது. 1968-இல் அவர் அமைத்த குழந்தைச் சட்டையோ இன்னும் வியப்புக்குரியது. பின்னி முடிக்கும் வரை அது உருவமற்ற ஒரு துண்டு. என்னவென்று சொல்ல இயலாது. முடிந்ததும் இரண்டு மடிப்பு மடித்துத் தோள்களில் தைத்தால் முழுச் சட்டையாகிவிடும். ஈற்றடியில் திரண்டு பொருள்கொள்ளும் பாடலைப் போன்றது அது.

இத்தனையும் செய்தவர், தாம் எதையும் புதிதாகப் படைக்கவில்லை என்றே கூறினார். இத்தனை நூற்றாண்டுகளாக இத்தனை கைகள் பின்னியிருக்கையில், எங்கோ எவளோ ஒருத்தி இதனை முன்பே கண்டிருப்பாள். மறைந்திருந்ததை மீண்டும் வெளிக்கொணர்ந்ததே தம் பணி என்பது அவர் கருத்து. அச்செயலுக்கென ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல்லையே ஆக்கிக்கொண்டார். பெயரற்ற பருத்திப் பெண்டிர்க்குச் செலுத்திய வணக்கமாக இதனைக் கொள்ளலாம். மரபு என்பதற்கு இதைவிடப் பணிவான விளக்கம் அரிது.

மாதங்களின் நூல்

1974-இல் அவர் வெளியிட்ட நூலொன்று பன்னிரண்டு மாதங்களைப் பன்னிரண்டு இயல்களாகக் கொண்டது. சனவரியின் கடுங்குளிரில் அயர்லாந்துப் பாங்கிலான கனத்த ஸ்வெட்டர். பிப்ரவரியில் குழந்தைக்கு உடை. மே மாதத்திலேயே அடுத்த குளிர்காலத்துக்கான கையுறை. சூலை வெயிலில், மடியை நிறைக்காத மெல்லிய சால்வை. திசம்பரில், பண்டிகைக்குள் விரைந்து முடிக்கத்தக்க ஒன்று. ஆண்டின் பொழுதுகளோடு கைவேலையைப் பொருத்தி அமைத்த இந்நூலைப் பெரும்பொழுது அறிந்த தமிழ்ப் புலவர்கள் தம் இனமென்றே கொள்வர். 1989-இல் வந்த மற்றொரு நூலில் பின்னல் முறைகளுக்கு இடையிடையே தம் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிச் செல்கிறார். ஊசியை ஒருகணம் வைத்துவிட்டுப் பேசுவதுபோல அமைந்த நூல் அது. பின்னலுக்கு இடையில் வாழ்க்கை வந்ததா, வாழ்க்கைக்கு இடையில் பின்னல் வந்ததா என்று பிரிக்க இயலாதவாறு இரண்டும் இணைந்துள்ளன.

விருப்பத்தால் பின்னும் எவர் வீட்டிலும் இத்தகைய கலப்பையே காணலாம். நூற்பவர்க்குச் சாயத்தில் ஆசை பிறக்கும். வெங்காயத் தோலை எறியாமல் சேர்ப்பார். மஞ்சளும் அவுரியும் மஞ்சிட்டியும் தேடித் தோட்டத்தின் பக்கம் போவார். வண்ணம் அறிந்த கண் ஓவியத்துக்குத் திரும்பும். கணக்கறிந்த விரல் குரோஷேக்கும் பூத்தையலுக்கும் செல்லும். கை ஒன்றைக் கற்றால் அதற்குப் பத்துத் தொழில் பிறக்கும்.

இடையில் நிறுத்தத்தக்க கலை

இனி, இவ்வுரையின் மையமான வினா. ஓவியம் பயின்ற எலிசபெத் ஏன் பின்னலால் அறியப்பட்டார்? பொதுவாகவே பெண்களுக்கென்று எஞ்சிய கலைகள் ஏன் பின்னலும் பூத்தையலும் கோலமுமாக இருக்கின்றன? மென்மையான கை, பொறுமையான மனம் என்றெல்லாம் விடை கூறப்படுவதுண்டு. உண்மை வேறு. அவை இடையில் நிறுத்தத்தக்க கலைகள்.

குழந்தை அழுகிறது; பால் பொங்குகிறது; வாசலில் எவரோ அழைக்கிறார். பின்னுபவள் ஊசியை அப்படியே வைத்துவிட்டு எழுகிறாள். பத்து நிமிடத்துக்குப் பின்னோ, பத்து நாளுக்குப் பின்னோ வந்து எடுத்தால், கண்ணிகள் ஊசியில் அப்படியே காத்திருக்கின்றன. எந்த இடத்தில் விட்டாளோ அந்த இடத்திலேயே தொடங்கலாம். தன் நேரம் தன்னுடையதாக இல்லாத ஒருத்திக்கு இயன்ற கலை இது. வரைந்துகொண்டிருக்கும் நீர்வண்ணம் எழுந்து போய் வருவதற்குள் உலர்ந்துவிடும். பாதியில் விட்ட கவிதையோ பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. அடுத்த அடி நாவின் நுனியில் நிற்கும்போது எழுந்துபோன பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த இலக்கிய வரலாறும் எழுதி வைக்கவில்லை. சங்கத்தின் பருத்திப் பெண்டு நள்ளிரவில் விளக்கேற்றியதன் காரணமும் இதுவே. அவளை எவரும் அழைக்காத நேரம் அதுவொன்றே.

ஆகவே, பின்னலைச் சிறு கலையென்று மதிப்போர், அது சிறியதாக்கப்பட்ட நேரத்துக்குள் வளர்ந்த கலை என்பதை நோக்க வேண்டும். இடையூறுகளுக்கு நடுவே நிலைத்து நிற்கும் வண்ணம் ஒரு கலையைப் பல தலைமுறைப் பெண்கள் பழக்கி வைத்திருக்கின்றனர். அதனைத் திறமென்று போற்றலாம். அத்திறம் ஏன் தேவைப்பட்டது என்று வினவாமல் போற்றுவது நேர்மையாகாது.

பிரித்துப் பின்னுதல்

கவிஞர்கள் பின்னுபவரிடம் கற்கத்தக்க மற்றொன்று பிரித்தல். நாற்பது வரிசை பின்னிய பிறகு, பத்தாம் வரிசையில் ஒரு கண்ணி நழுவியது தெரிகிறது. ஊசியை உருவி நூலை இழுத்தால், ஒரு வாரத்து உழைப்பு சில நிமிடங்களில் உருண்டையாகிவிடும். தேர்ந்தவர் பெருமூச்சோடு அதைச் செய்துவிடுகிறார். ஏனெனில் நூல் வீணாவதில்லை. பிரித்த நூல் பழைய வளைவுகளின் நினைவோடு சுருண்டிருக்கும்; நனைத்துத் தொங்கவிட்டால் நேராகும். சொல்லும் அவ்வாறே. அடித்து நீக்கிய அடி எங்கும் போய்விடவில்லை. வேறொரு பாட்டில் வேறொரு கண்ணியாகும். எழுதியதைப் பிரிக்க அஞ்சுபவர்க்குப் பின்னல் நல்லாசிரியர்.

கைச்சிற்றேடு

1950-களில் சிம்மர்மன் ஓர் இதழுக்கு ஸ்வெட்டர் ஒன்றன் பின்னல் முறையை அளித்தார். வட்டமாக ஒரே ஓட்டத்தில் பின்னுவது அவர் முறை. இதழார் அதனைத் தட்டையாகத் துண்டு துண்டாகப் பின்னித் தைக்கும் முறைக்கு மாற்றி வெளியிட்டனர். தம் முறை தம் சொல்லிலேயே சென்று சேர வேண்டும் என்று விரும்பிய அவர், 1958-இல் தாமே சிறு மடலொன்றை வெளியிடத் தொடங்கினார். மறு ஆண்டில், 1959-இல், அவர் தொடங்கிய சிறு பதிப்பகம் பின்னர் அவர் மகள் பொறுப்பில் தொடர்ந்தது. 1974 முதல் கோடைதோறும் பின்னுவோர் கூடிக் கற்கும் முகாமையும் நடத்தினார்.

அதே 1959-ஆம் ஆண்டின் சனவரியில்தான் சென்னையில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார் என்பதை இவ்வவை அறியும். தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர் அவர். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் பெருஞ்சந்தை திரிக்கும்போது சிறியதொன்றைத் தாமே தொடங்கிவிடுவது என்னும் துணிவு இருவர்க்கும் பொது. இவ்விலக்கிய வட்டமும் அத்துணிவிலேயே பிறந்தது.

வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள்

வட்டம் என்று பெயர் சூட்டிக்கொண்ட அமைப்புக்கு அச்சால்வையின் கணக்கு பொருந்தும். நடுவில் ஒன்பது கண்ணிகளோடு தொடங்கியது விரிகிறது. விரிய வேண்டுமானால், குறித்த இடத்தில் கண்ணிகள் இரட்டிக்க வேண்டும். இரட்டிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் அது சால்வையாகாது, குழாயாகிவிடும்.

பத்தாண்டு நிறைவில் இரட்டிக்க வேண்டிய இடம் எது? வட்டத்தின் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகின்றன. அலுவலகம் முடித்து வரும் ஆடவர்க்கு அது ஏற்ற நேரம். விளக்கேற்றி, குழந்தைகளின் பாடம் பார்த்து, இரவுணவு ஆக்க வேண்டிய பெண்ணுக்கு அது நாளின் நெருக்கடியான நேரம். "பெண்கள் எழுத முன்வருவதில்லை" என்று ஒவ்வோர் ஆண்டறிக்கையும் வருந்துகிறது. வருத்தம் உண்மையானதாயின், மாதத்தில் ஒரு கூட்டமேனும் ஞாயிறு காலையோ, பள்ளி நடக்கும் நண்பகலோ கூடட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பவர்க்கும், பாதியில் எழுந்து போய்த் திரும்பி வருபவர்க்கும் முன்வரிசையில் இடம் இருக்கட்டும். ஊசியோடு அமர்ந்திருப்பவரைக் கவனமற்றவர் என்று கருத வேண்டா. கை இயங்கும்போது செவி கூர்மையாகவே இருக்கும். இவையெல்லாம் வெளியிலிருந்து வட்டம் செய்யக்கூடியவை. வீட்டுக்குள் செய்ய வேண்டியது, இங்கு வீற்றிருக்கும் கவிஞர் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது: தமக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம், வீட்டிலுள்ள மற்றொருவர்க்கும் கிடைக்கிறதா என்று பார்ப்பது.

இன்னொன்று. ஊர்களில் எஞ்சியுள்ள முதியோரிடம் கைத்தொழிலின் சொற்கள் இன்றும் உள்ளன. தக்ளியில் நூற்ற தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. சிட்டம், கதிர், பாவு, ஊடை, திரி என்பன அகராதியில் இருக்கும். அவற்றைச் சொன்ன கை அகராதியில் இராது. வட்டத்தின் இளங்கவிஞர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அம்முதியோரைச் சென்று கண்டு, கேட்டு, அவர்தம் பெயரோடு எழுதி வைக்கட்டும். பருத்திப் பெண்டின் பெயரைச் சங்கப் புலவர் எழுதி வைக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு அவ்வாறு சொல்ல நேரக்கூடாது.

புறநானூற்று இரவில் அவள் ஏற்றிய விளக்கு அஞ்சிய ஒரு பேடைக்குத் துணையாயிற்று. அவள் அதனைத் தன் வேலைக்காகவே ஏற்றினாள். எஞ்சிய பொழுதில் விருப்பத்தோடு செய்யும் எந்த வேலைக்கும் அவ்வாற்றல் உண்டு. அதனைச் செய்வதற்குரிய பொழுது எல்லார்க்கும் வாய்க்க வேண்டும். அதற்கு வழி செய்வதும் கவிஞர்தம் கடமையே என்று கூறி, வட்டம் நூறாண்டு வளர வாழ்த்தி, இவ்வுரை நிறைவுறுகிறது.